பட்டன் தின்ற புல்

டாக்டர்: ...சரி, வாந்தி எடுத்துச்சு. அப்புறம்?

தையலம்மா: அப்புறம் மறுபடியும் வாந்தி. பச்சையா. அதுலேர்ந்து ஒரே தும்மல் டாக்டர். தலையை உதறுது. தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி செருமுது...

டாக்டர்: பூனை பேரு?

தையலம்மா: பட்டன்.

டாக்டர்: பட்டனா?

தையலம்மா: குட்டியா இருந்தப்ப பட்டன் டப்பாவுலதான் தூங்கும். நான் தையல் வேலை பாக்கறேன். வீட்லயே.

டாக்டர்: வயசு?

தையலம்மா: பதிமூணு.

வாட்ச்காரர்: பதினாலு டாக்டர்.

தையலம்மா: உங்களை யாரு கேட்டா?

வாட்ச்காரர்: நான் குடிவந்தப்ப அது கைக்குட்டை அளவு இருந்துச்சு. நான் குடிவந்தது...

தையலம்மா: பதிமூணுன்னே எழுதிக்கோங்க டாக்டர்.

டாக்டர்: இவரு உங்க வீட்டுக்காரரா?

தையலம்மா: அய்யய்யோ, இல்ல.

வாட்ச்காரர்: கீழ்வீடு டாக்டர். வாட்ச் ரிப்பேர் பண்றேன். காலைல மாடிப்படியில அழுகைச் சத்தம் கேட்டுச்சு. பாத்தா இவங்க துணிக்கூடையில பூனையை வச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஆட்டோ ஒண்ணையும் காணோம். அதான் என் ஸ்கூட்டர்ல...

தையலம்மா: நான் கேக்கல. சாரே வண்டியை எடுத்துட்டு வந்து நின்னாரு.

வாட்ச்காரர்: நானும் கேட்டுட்டு எடுக்கல.

டாக்டர்: ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லிடுங்க முதல்ல.

தையலம்மா: இன்னிக்குத்தான்...

வாட்ச்காரர்: இன்னிக்கு மட்டும்.

டாக்டர்: நல்லது. பூனையைப் பிடிங்க. என் கையாளு இன்னிக்கு லீவு. நீங்கதான் பிடிக்கணும்... இல்ல, இல்ல, கழுத்தை விடுங்க, தோள்ல பிடிங்க... வாந்தியில என்ன இருந்துச்சு?

தையலம்மா: புல்லு. வேற ஒண்ணும் இல்ல.

வாட்ச்காரர்: புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுன்னு சொல்வாங்க. இது என்னடான்னா...

டாக்டர்: அந்தப் பழமொழி சொன்னவரு புலிகிட்டப் போய்ப் பாத்திருக்க மாட்டாரு.

வாட்ச்காரர்: புலியும் தின்னுமா?

டாக்டர்: தின்னும். சிறுத்தை, சிங்கம், எல்லாம் தின்னும். அதுங்க எச்சத்தைக் கிளறிப் பாக்கறவங்களுக்குத் தெரியும்.

வாட்ச்காரர்: அதைக் கிளற ஒரு உத்தியோகமா...

தையலம்மா: எதுக்கு டாக்டர் தின்னுது? வயித்து வலியா?

டாக்டர்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. நல்லா ஓடியாடுற பூனைதான் பெரும்பாலும் தின்னுது. தின்னுட்டுப் பல தடவை வாந்தி கூட எடுக்காது, போய்ப் படுத்துக்கும்.

வாட்ச்காரர்: மழை வர்றதுக்கு அறிகுறின்னு எங்க வீட்ல...

டாக்டர்: மழை வந்தாலும் தின்னும். வராட்டியும் தின்னும்.

தையலம்மா: அப்ப எதுக்குத்தான் தின்னுது?

டாக்டர்: பழைய பழக்கம். காட்டுல இருந்த இதோட முப்பாட்டன் வயித்துல எப்பவும் புழு இருக்கும். புல்லு பூனைக்குச் செரிக்காது. குடல்ல உரசிக்கிட்டே போகும், போறப்ப புழுவையும் சேத்துத் தள்ளிட்டுப் போகும். இப்ப வீட்டுப் பூனைக்கு நாம புழு மருந்து குடுக்கறோம். புழு போயிடுச்சு, பழக்கம் போகல. அப்படித்தான் படிச்சவங்க நினைக்கறாங்க. பூனையைக் கேட்டா அது சொல்லவா போகுது.

வாட்ச்காரர்: பேட்டரி வாட்ச் வாங்கின அப்புறமும் சில பேரு காலைல எழுந்ததும் சாவி குடுக்கற குமிழைத் திருகுவாங்க. அந்த மாதிரி.

டாக்டர்: அதே மாதிரி.

தையலம்மா: அப்ப புல்லு தின்னா ஒண்ணும் ஆகாது? இப்ப இது படுற பாடு...

டாக்டர்: புல்லால ஒண்ணும் ஆகாது. புல்லு மேல என்ன இருக்குங்கறதுதான் விஷயம். பூச்சி மருந்து, களை மருந்து, உரம்... இல்ல, புல்லுன்னு நினைச்சு ஏதாவது அழகுச் செடியைத் தின்னிருந்தா அது வேற. இந்தப் புல்லு எங்கேர்ந்து?

தையலம்மா: ...

வாட்ச்காரர்: ...

டாக்டர்: கேட்டது உங்களைத்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மின்விசிறியைப் பாத்தா எப்படி?

வாட்ச்காரர்: நான் எதுவும் தெளிக்கல டாக்டர்.

டாக்டர்: நீங்க தெளிச்சீங்கன்னு யாரு சொன்னா?

வாட்ச்காரர்: யாரும் சொல்லல. முன்கூட்டியே சொல்லிடறது நல்லதுன்னு...

டாக்டர்: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன். சரிம்மா, பட்டன் வெளிய போகுமா?

தையலம்மா: போகும்... போகும்.

வாட்ச்காரர்: தினம் வரும் டாக்டர். எங்க வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் புல்லு வளத்திருக்கேன். நல்ல அகலப் புல்லு. விடியறதுக்குள்ள வந்து ஒரு ஓரமா மேய்ஞ்சிட்டுப் போயிடும்.

டாக்டர்: நீங்க பாத்தீங்களா?

வாட்ச்காரர்: பூனையைப் பாக்கல. அது நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுது. கடிச்ச தடத்தைப் பாப்பேன். புல்லு நுனியில பல்லு பதிஞ்சிருக்கும். சின்னச் சின்னதா, வரிசையா. லென்ஸ் வச்சே பாத்திருக்கேன்.

டாக்டர்: புல்லையா? லென்ஸ் வச்சா?

வாட்ச்காரர்: சட்டைப் பையிலயே கிடக்கும் டாக்டர். பல்சக்கரம் பாத்துப் பாத்து, பல்லுன்னா கண்ணு தானாப் போகும்.

தையலம்மா: பூனையைப் பாருங்க டாக்டர். புல்லை அப்புறம் பாக்கலாம்.

டாக்டர்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... இந்தப் பின்னங்கால்... ஷ்ஷ், வலிக்குதா, சரி சரி, விட்டுட்டேன்... ஏம்மா, இந்தக் காலை வச்சுக்கிட்டு இது மாடிப்படி இறங்குதா?

தையலம்மா: இறங்கும். மெதுவா.

டாக்டர்: மெதுவா.

தையலம்மா: ரொம்ப மெதுவா.

டாக்டர்: ம்... சார், வாசல்ல ஹாரன் அடிக்கறாங்களே, கேட்டுக்கு நடுவுல நிக்கறது உங்க ஸ்கூட்டரா?

வாட்ச்காரர்: நான் ஓரமாத்தானே விட்டேன்...

டாக்டர்: போய்ப் பாருங்க. அப்படியே பக்கத்து மருந்துக்கடையில ஒரு பஞ்சுக் கட்டு வாங்கிட்டு வாங்க. அவசரம் இல்ல.

வாட்ச்காரர்: பூனையை யாரு பிடிக்கறது?

டாக்டர்: அவங்க பிடிப்பாங்க. போங்க... போயிட்டாரும்மா. சொல்லுங்க.

தையலம்மா: என்ன சொல்றது?

டாக்டர்: இந்தப் பூனை படி இறங்கி நாளாச்சு. இடுப்பு எலும்பு தேஞ்சு போயிருக்கு. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?

தையலம்மா: ...அவருக்குத் தெரியக்கூடாது டாக்டர்.

டாக்டர்: ஏன்?

தையலம்மா: மழைக்காலத்துல ஒரு சண்டை. அவரு வீட்லயே ஏதோ பழைய கடியாரத்தைப் பிரிச்சுப் போட்டு வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. இது போய்த் தட்டைக் கவுத்துடுச்சு. கடுகு மாதிரி ஸ்க்ரூ எல்லாம் உருண்டு போச்சு. இனிமே இந்த வாசப்படியை மிதிச்சா காலை ஒடிச்சிடுவேன்னு கத்தினாரு. என் பூனை உங்க வாசப்படியை மிதிக்கவே மிதிக்காதுன்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன். அன்னிலேர்ந்து பேச்சு இல்ல. அதுக்கு முன்னாடி அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுவேன்.

டாக்டர்: சரி.

தையலம்மா: கொஞ்ச நாள்லயே இதுக்குக் கால் போயிடுச்சு. கரிநாக்கு டாக்டர் அந்த மனுஷனுக்கு. இப்ப இது படி இறங்கலன்னு தெரிஞ்சா, பாத்தியா என் வாக்கு பலிச்சிடுச்சுன்னு நினைப்பாரு.

டாக்டர்: வயசானா மூட்டு தேயும். நாக்குக்கும் மூட்டுக்கும் சம்பந்தம் இல்ல. புல்லுக்கு வாங்க.

தையலம்மா: இதுக்குப் புல்லு இல்லாம முடியல. ஜன்னல்கிட்ட உக்காந்து கீழ பாத்துக்கிட்டே கத்தும். தொட்டியில போட்டுப் பாத்தேன், முளைக்கல. அதான்...

டாக்டர்: அதான்?

தையலம்மா: விடியக்காலம் நான் போய் அறுத்துட்டு வருவேன். அவரு தோட்டத்துலேர்ந்து. அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள.

டாக்டர்: ஓ. அப்ப மேய்ஞ்சிட்டுப் போனது நீங்களா?

தையலம்மா: சிரிக்காதீங்க டாக்டர். இன்னிக்கும் அறுத்துட்டு வந்து குடுத்தேன். ஆசை ஆசையாத் தின்னுச்சு. அப்புறம் பாத்தா வாந்தி. எனக்கு என்னமோ மனசு சரியில்ல, மாடிலேர்ந்து எட்டிப் பாத்தா... குழாயடியில ஒரு பாட்டில். மண்டையோடு படம் போட்டு. பக்கத்துல தெளிக்கற டப்பா. நேத்து சாயங்காலம் அவரு பின்பக்கம் என்னமோ தெளிச்சுக்கிட்டு நின்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

டாக்டர்: களைக்கொல்லியா?

தையலம்மா: அதேதான். என் கையாலயே ஊட்டிட்டேன் டாக்டர். விஷத்தை என் கையாலயே...

டாக்டர்: இருங்க. அழுதா பூனை பயப்படும். இதை வந்ததுமே ஏன் சொல்லல?

தையலம்மா: அவரு முன்னாடி எப்படிச் சொல்றது? மாடியில இருக்கற பூனை கீழ இருக்கற புல்லை எப்படித் தின்னுச்சுன்னு கேப்பாரே.

டாக்டர்: மானம் பெருசா, பூனை பெருசா?

தையலம்மா: பூனைதான்... அதான் இப்ப சொல்லிட்டேன்ல. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

டாக்டர்: சொல்லல. ஆனா கேட்டுக்கோங்க. விஷம்னா உடனே மயக்கம் குடுத்து வயித்தைக் கழுவணும். பட்டனுக்கு வயசாச்சு, நெஞ்சுல ஒரு சத்தம் வேற கேக்குது. மயக்கம் குடுத்தா எழுந்திரிக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

தையலம்மா: குடுக்கலன்னா?

டாக்டர்: விஷமா இருந்தா, அப்பவும் உறுதி சொல்ல மாட்டேன்.

தையலம்மா: எல்லாம் என்னாலதான்.

டாக்டர்: பூனைக்குப் புல்லு அறுத்துப் போட்டது தப்பு இல்ல.

தையலம்மா: அது மட்டும் இல்ல டாக்டர். அந்த மருந்தே...

வாட்ச்காரர்: பஞ்சு டாக்டர். ஸ்கூட்டர் ஓரமாத்தான் இருந்துச்சு. ஹாரன் அடிச்சது பால் வண்டி, அது யாருக்கும் அடிக்கல, சும்மா அடிச்சிருக்கான்... என்ன, அழுதாங்களா? மோசமா இருக்கா?

தையலம்மா: தூசி.

வாட்ச்காரர்: ரெண்டு கண்ணுலயுமா?

டாக்டர்: அம்மா, இந்தத் துண்டைக் கொஞ்சம் அலசிட்டு வாங்க. பின்பக்கம் குழாய் இருக்கு. நல்லா அலசுங்க.

தையலம்மா: சுத்தமாத்தானே இருக்கு...

டாக்டர்: எனக்கு இன்னும் சுத்தமா வேணும்.

தையலம்மா: ...சரி.

டாக்டர்: சார், நேரம் இல்ல. என்ன தெளிச்சீங்க?

வாட்ச்காரர்: நான் எதுவும் தெளிக்கலன்னு அப்பவே...

டாக்டர்: கேக்காமலே சொன்னீங்க. கேக்காம அப்படிச் சொல்றவங்க எல்லாரும் தெளிச்சவங்கதான். என் மேசையில நான் பாத்தது. பாட்டில்ல என்ன பேரு போட்டிருந்துச்சு? அது தெரிஞ்சாதான் நான் அதுக்குத் தகுந்த மாதிரி ஏதாவது பண்ண முடியும். தெரியலன்னா, இப்ப மயக்கம் குடுத்து வயித்தைக் கழுவப் போறேன். இது அதைத் தாங்குமான்னு தெரியாது. சொன்னேன்ல, நேரம் இல்ல.

வாட்ச்காரர்: மயக்கம் வேணாம் டாக்டர்.

டாக்டர்: அப்ப பேரைச் சொல்லுங்க.

வாட்ச்காரர்: பேரு... அவங்ககிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?

டாக்டர்: இன்னிக்கு எல்லாரும் என்கிட்ட இதையேதான் கேக்கறாங்க. சொல்ல மாட்டேன்.

வாட்ச்காரர்: தண்ணி.

டாக்டர்: என்ன?

வாட்ச்காரர்: தண்ணி டாக்டர். குழாய்த் தண்ணி. டப்பாவுல ரொப்பி, புல்லு பூரா தெளிச்சேன்.

டாக்டர்: புல்லுக்குத் தண்ணி ஊத்தறதுக்கா இவ்வளவு பயம்?

வாட்ச்காரர்: வீட்டு ஓனரு களைக்கொல்லி பாட்டில் வாங்கிக் குடுத்தாரு. புல்லு பூரா அழிச்சிடணும், பாம்பு வருதுன்னு புகார் வந்திருக்கு, டைல்ஸ் போடப் போறேன்னாரு. நேத்து அவரே வந்து எதிர்ல நின்னாரு. நான் பாட்டிலைக் குழாயடியில வச்சேன், டப்பாவுல தண்ணியை ரொப்பினேன், மூக்குல துணியைக் கட்டிக்கிட்டுத் தெளிச்சேன். ரொம்ப நெடி அடிக்குது, தள்ளி நில்லுங்க சார்னு வேற சொன்னேன்.

டாக்டர்: அவரு?

வாட்ச்காரர்: தள்ளி நின்னாரு. தும்மினாரு கூட.

டாக்டர்: பாட்டில்?

வாட்ச்காரர்: மூடியோட சீல் கூட உடைக்கல.

டாக்டர்: இதை ஏன் மேல்வீட்டம்மாகிட்ட மறைக்கணும்?

வாட்ச்காரர்: ஓனரு அவங்க தம்பி.

டாக்டர்: ஓ.

வாட்ச்காரர்: ஒரு வார்த்தை போனா என் சாமான் எல்லாம் தெருவுல. தம்பியை ஏமாத்தினவனை அக்கா விடுவாங்களா? அதுவும் எங்களுக்குள்ள இருக்கற உறவுக்கு...

டாக்டர்: ஒண்ணு கேக்கறேன். புல்லை அழிச்சிட்டுப் போக வேண்டியதுதானே? உங்களுக்கு என்ன அந்தப் புல்லு மேல?

வாட்ச்காரர்: புல்லு மேல ஒண்ணும் இல்ல.

டாக்டர்: பின்ன?

வாட்ச்காரர்: இது வருதே.

டாக்டர்: யாரு, பட்டனா?

வாட்ச்காரர்: கோவத்துல ஒரு நாள் கத்திட்டேன் டாக்டர். அதுக்கப்புறம் வாசப்பக்கம் வர்றதே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி எல்லாம் வேலை பாக்கறப்ப மேசைக்கு அடியில என் கால் மேலதான் படுத்திருக்கும். அப்புறம் ஒரு நாள் பின்னாடி போய்ப் பாக்கறேன், புல்லு நுனியில பல்லுத் தடம். அட, வாசல்ல வரலன்னாலும் பின்பக்கமா வந்துட்டுப் போகுது, நம்ம மேல கோவம் இல்லைன்னு... சந்தோஷமா இருந்துச்சு. தினம் பல்லு விளக்கறதுக்கு முன்னாடி போய் அதைத்தான் பாப்பேன். அந்த இடத்துல விஷத்தை எப்படித் தெளிக்கறது?

டாக்டர்: ம்ம்... தண்ணிதானா?

வாட்ச்காரர்: நம்பலையா? அடுத்த வாரம் வந்து பாருங்க. புல்லு முன்னைவிடப் பச்சையா இருக்கும். தண்ணி வேற ஊத்தியிருக்கேன்ல.

டாக்டர்: நம்பறேன். சத்தியத்தைவிட அது நல்ல சாட்சி. அப்ப விஷம் இல்ல. விஷம் இல்லைன்னா இந்தத் தும்மல் எதுக்கு... செருமல்... தலையை ஒரே பக்கமா உதறுது... அம்மா, துண்டு போதும், வாங்க.

தையலம்மா: இன்னும் அலசல டாக்டர்.

டாக்டர்: வேணாம், வாங்க. மயக்கம் குடுக்கப் போறது இல்ல.

தையலம்மா: ஏன்... முடிஞ்சு போச்சா?

டாக்டர்: முடியல. உக்காந்துதான் இருக்கு, பாருங்க. துண்டுல சுத்தி இறுக்கிப் பிடிங்க. சார், டார்ச்சைப் பிடிங்க. ஆடாம.

வாட்ச்காரர்: கை ஆடினா எனக்கு என்னிக்கோ பொழப்பு போயிருக்கும்.

டாக்டர்: பேசாம பிடிங்க... வாயைத் திறடா கண்ணு... அப்படித்தான்... இன்னும் கொஞ்சம்... அண்ணத்துக்குப் பின்னாடி... ஆங். நினைச்சேன்.

தையலம்மா: என்ன, என்ன?

டாக்டர்: பிடியை விடாதீங்க... கடிக்காத, கடிக்காத... வருது... வந்துடுச்சு.

தையலம்மா: ஐயோ, இவ்வளவு நீளமா?

டாக்டர்: முழுப் புல்லு. மூக்குக்குப் பின்னாடி ஏறி உக்காந்திருக்கு. வாந்தி எடுக்கறப்பவோ செருமுறப்பவோ மேல போயிடும். அகலமான புல்லுக்கு இந்தக் குணம் உண்டு, ஓரம் சொரசொரன்னு இருக்கும், ஏறினா இறங்காது.

தையலம்மா: அப்ப விஷம்...

டாக்டர்: விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

வாட்ச்காரர்: விஷம்னு யாரு சொன்னா?

தையலம்மா: ...யாரும் சொல்லல.

டாக்டர்: தும்மல் நின்னுடுச்சு பாத்தீங்களா? முகம் கழுவ ஆரம்பிச்சிட்டாரு துரை. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கற கவலை அதுக்கு இல்ல.

வாட்ச்காரர்: டாக்டர், அந்தப் புல்லை இப்படிக் குடுங்க.

டாக்டர்: எதுக்கு?

வாட்ச்காரர்: சும்மா. லென்ஸ் இருக்கு, ஒரு பார்வை...

தையலம்மா: எச்சில் புல்லு, அதைப் போய்... குப்பையில போடுங்க டாக்டர்.

வாட்ச்காரர்: இதோ, இந்தத் தடம்தான் டாக்டர். நான் சொன்னேன்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு... அச்சு அசலா அதே பல்லு... இருங்க.

டாக்டர்: என்ன?

வாட்ச்காரர்: எல்லாம் ஒரே அளவு. ஒரே சாய்வு. பூனைப் பல்லு இப்படி இருக்குமா? பட்டன் வாயை இப்பத்தானே பாத்தேன். முன்னாடி பல்லு அரிசிக் குருணை மாதிரி இருக்கு. கோரப்பல்லு ஒண்ணு இல்லவே இல்ல. இந்தப் பல்லு... இது மெஷின்ல வெட்டின பல்லு மாதிரில்ல இருக்கு.

டாக்டர்: நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லல. புல்லு சொன்னா நான் பொறுப்பில்ல.

தையலம்மா: ஜிக்ஜாக் கத்திரி.

வாட்ச்காரர்: என்னது?

தையலம்மா: துணி ஓரம் பிரியாம இருக்க, பல்லு பல்லா வெட்டுவோமே, அந்தக் கத்திரி. துணி வெட்டற நல்ல கத்திரியை நாங்க வேற எதுக்கும் எடுக்க மாட்டோம், காயிதம் வெட்டினாலே மொக்கையாயிடும். ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெஷின் வாங்கினதுலேர்ந்து ஜிக்ஜாக் சும்மா கிடந்துச்சு. சரி, புல்லுக்கு அது போதும்னு...

வாட்ச்காரர்: நீங்களா அறுத்தீங்க?

தையலம்மா: நான்தான்.

வாட்ச்காரர்: எப்பவாவதா, தினமுமா?

தையலம்மா: தினமும்.

வாட்ச்காரர்: அப்ப பட்டன்... வரவே இல்லையா?

தையலம்மா: இல்ல.

வாட்ச்காரர்: ஒரு நாள் கூடவா?

தையலம்மா: கால் வரல. படி இறங்க முடியல. மழைக்காலத்துக்கு அப்புறம் அது கீழயே வரல.

டாக்டர்: டார்ச்சை அணைச்சிடலாம் சார். என் கண்ணுல அடிக்குது.

வாட்ச்காரர்: அன்னிக்கு நான் காலை ஒடிச்சிடுவேன்னு...

தையலம்மா: சொன்னீங்க.

வாட்ச்காரர்: வாய் தவறி வந்துடுச்சு. சத்தியமா... கடியாரம் போச்சேன்னு ஒரு ஆத்திரம். அது போய்ப் பலிக்கும்னு...

தையலம்மா: வயசானா மூட்டு தேயுமாம். டாக்டர் சொன்னாங்க. நாக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம்.

வாட்ச்காரர்: நான் தினம் போய்ப் பாத்தேன். உங்க கத்திரி வெட்டினதைப் பாத்து, பூனைக்கு நம்ம மேல கோவம் இல்லைன்னு... எனக்கு இப்ப மனசு என்னமோ பண்ணுது டாக்டர்.

டாக்டர்: உக்காருங்க. ஸ்டூல் இருக்கு.

தையலம்மா: அதுக்குக் கோவம் எல்லாம் இல்ல. ஜன்னல்ல உக்காந்து உங்க வாசலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். புல்லைப் பாக்குதுன்னு நான் நினைச்சேன்... ஆனா ஒண்ணு சொல்லுங்க. நேத்து என்ன தெளிச்சீங்க? அந்த மண்டையோடு பாட்டிலை நான் பாத்தேன்.

வாட்ச்காரர்: பாத்தீங்களா? பாத்துட்டா வண்டியில பின்னாடி உக்காந்து வந்தீங்க? நான் விஷம் வச்சேன்னு நினைச்சுக்கிட்டா?

தையலம்மா: வேற ஆட்டோ கிடைக்கல.

டாக்டர்: பூனையை மடியில கட்டிக்கிட்டு சகுனம் பாத்த கதைதான் ரெண்டு பேருக்கும். சார், நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அடுத்து ஒரு கிளி காத்துக்கிட்டு இருக்கு.

வாட்ச்காரர்: தண்ணி. தண்ணிதான் தெளிச்சேன். உங்க தம்பியை ஏமாத்தினேன். போய்ச் சொல்லிக்கோங்க, காலி பண்ணச் சொன்னா பண்றேன்.

தையலம்மா: தண்ணியா?

வாட்ச்காரர்: தண்ணி.

தையலம்மா: வெறும் தண்ணி?

வாட்ச்காரர்: இன்னும் எத்தனை தடவை சொல்றது?

தையலம்மா: ...அவன்கிட்ட நான் ஏன் சொல்றேன்? அவன் ஒரு குழாய் ஒழுகுதுன்னு சொன்னாலே வருஷம் கழிச்சு வந்து எட்டிப் பாக்கறவன். எதையும் சொன்ன நேரத்துக்குச் செய்ய மாட்டான். எல்லாம் மறந்து போன அப்புறம் வந்து நிப்பான்.

டாக்டர்: இங்க பாருங்க, புல்லு குடுங்க, நிறுத்த வேணாம். முழுசாப் போடாதீங்க, சின்னச் சின்னதா நறுக்கி, கொஞ்சமா. மருந்து அடிக்காத புல்லு மட்டும். ரோட்டு ஓரத்துல அறுக்காதீங்க. வாந்தி எப்பவாவது வந்தா பயப்படாதீங்க, தினம் வந்தா கூட்டிட்டு வாங்க. காலுக்கு ஒரு மருந்து தரேன், சோத்துல கலந்து குடுங்க. போறப்ப அந்தக் கிளியை உள்ள வரச் சொல்லுங்க.

வாட்ச்காரர்: கத்திரி இனிமே வேணாம். நான் தொட்டியில பேத்து வச்சு மேலயே கொண்டு வந்து குடுத்துடறேன்.

தையலம்மா: எதுக்கு? படி ஏறி எல்லாம்...

வாட்ச்காரர்: எனக்குக் கால் இருக்கு.

தையலம்மா: ...சரி. காலைல வாங்க. அது அப்பத்தான் ஜன்னல்ல இருக்கும்.

வாட்ச்காரர்: கூடையைக் குடுங்க, நான் தூக்கறேன். வர்றேன் டாக்டர்... பாத்து, படி இருக்கு... எனக்கு ஒண்ணுதான் விளங்கல. இத்தனை வருஷத்துல அந்தப் புல்லுல ஒரு மண்புழு தவிர நான் எதையும் பாத்தது இல்ல. பாம்பு இருக்குன்னு உங்க தம்பிகிட்ட புகார் சொன்னது யாரு? எந்தப் பாம்பை எவன் பாத்தான்?

தையலம்மா: மழைக்காலத்துல சொன்ன புகாருண்ணே அது. புல்லு இல்லைன்னா பூனையும் அங்க போகாது, யாருகிட்டயும் பேச்சு கேக்க வேணாம்னு ஒரு கோவத்துல சொன்னது. அப்புறம் மறந்தே போச்சு... வண்டியை எடுங்க. அந்தப் பாம்பு கூடையை மடியில வச்சுக்கிட்டு உங்களுக்குப் பின்னாடிதான் உக்காந்து வரப் போகுது.